கோதும தின்ன நாக்கு

தமிழில் அதுவரை பாட்டு என்று எதுவும் எழுதப்படவில்லை, இருப்பவை எல்லாம் ஒத்திகை, முதல் பாட்டைத் தாம் முந்தாநாள்தான் எழுதி முடித்தோம் என்று கோதண்டபாணி 1966இல் விருத்தாசலம் ஜங்ஷன் டீக்கடையில் அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. சேலம் பாசஞ்சர் வரும் நேரம். அவரவர் கிளாஸைக் காலி செய்யும் அவசரத்தில் இருந்தார்கள். மறுப்பு வராததை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய கலை வாழ்க்கை முழுவதும் இந்த முறையில்தான் முன்னேறியது.

அப்போது அவர் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் மேஸ்திரி. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். இதை நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் செய்தார்கள். கோதண்டபாணி செய்தது, அவர்கள் நடுவே நின்று பாடியது. தினக்கூலி என்பதால் பெண்கள் எழுந்து போக முடியாது. இப்படிப்பட்ட ரசிகர்கள் எல்லாப் பாடகருக்கும் வாய்ப்பதில்லை. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, அவரே பாடினார். பாராட்டும் பொறுப்பையும் பெரும்பாலும் அவரே ஏற்றுக்கொண்டார்.

எல்லாப் பாட்டின் கடைசி அடியிலும் அவர் பெயர் வரும். "பேரு இல்லாத பாட்டு அநாதப் பொணம். எவன் வேணும்னாலும் தூக்கிக்கினு போவான்" என்பது அவர் கொள்கை. தமிழின் அந்த முதல் பாட்டும் அப்படித்தான் முடியும்:

களிமண்ண மிதிச்சாலும் கலங்காதடி – அது
சூளையில வெந்தாலும் சுருங்காதடி
பொம்மைக்கு வாயிருந்தும் பேசாதடி – இந்தக்
கோதண்டன் சொன்ன வாக்கு கோணாதடி

களிமண் சூளையில் சுருங்கும். அது அந்தக் கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், மேஸ்திரி ஒருவரைத் தவிர. ஆனால் பொம்மை துடைக்கும் பெண்களில் ஒருத்தியான ஆராயி கேட்டது வேறு.

"கடைசி அடியில யாரு மேஸ்திரி அது, கோதண்டன்?"

"நாந்தான்."

"ஒங்க வூட்ல கோதண்டபாணின்னுல்ல கூப்புடுறாங்க?"

"பாட்டுல அளவு பத்தல."

"பேர வெட்டுனதுக்குப் பாட்ட இழுத்து வுட்டிருக்கலாம்ல" என்றபடி ஆராயி ஒரு செட்டியார் பொம்மையின் தொப்பையைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மைக் செட் வைத்தார்கள். மைக் செட் என்றால் மாயவன். கடைவீதியில் கடை. கல்யாணம், காதுகுத்து, தேர்தல், திருவிழா எதுவானாலும் குழாய் கட்டுவதும் அவர்தான், அறிவிப்பதும் அவர்தான். பேசுவதற்கு முன் சட்டைக் காலரை ஒருமுறை நீவிக்கொள்வார். ஆள்காட்டி விரலால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு "அடுத்து வருவது" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கும் நீவினார், தட்டினார்.

"அடுத்து வருவது, நமது மேஸ்திரி கோதண்டபாணி அவர்களின் பாட்டு. அதற்கு முன்பாக, சைக்கிள் சாவி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது."

சாவிக்குச் சொந்தக்காரர் வந்து, அடையாளம் சொல்லி, வாங்கிக்கொண்டு போகும்வரை தமிழின் முதல் பாட்டு காத்திருந்தது. பாடி முடித்ததும் கோதண்டபாணி நேரே மாயவனிடம் போனார்.

"ஏன் மாயவன், ஒனக்குன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்த கெடையாதா? அடுத்தவன் வரான், அடுத்தவன் வரான்னு சொல்லியே செத்துப் போவியா?"

"வரவன் வரான்னு சொன்னாத்தானண்ணே வந்தவன் யாருன்னு தெரியும்."

"எழுதிக் குடுத்தத வாசிக்கறதெல்லாம் ஒரு பொழப்பு. அதுக்கு டொக்கு டொக்குன்னு ஒரு தட்டு வேற. கதவா அது?"

"உள்ள ஆளு இருக்குதான்னு பாக்கறேண்ணே" என்று மாயவன் ஒயரைச் சுருட்டினார்.

அன்று முதல் டீக்கடையில் மாயவனைப் போல நடித்துக் காட்டுவது கோதண்டபாணிக்குத் தினசரி வேலையாயிற்று. காலரை நீவுவார். டீ கிளாஸை இரண்டு தட்டுத் தட்டுவார். "அடுத்து வருவது, மசால் வடை" என்பார். அச்சு அசல் மாயவன். அவர் பாட்டைவிட இதற்குத்தான் கூட்டம் கூடியது. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவை ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்ட வருஷங்கள். அதைச் சோறாக வடிக்கப் பார்த்தார்கள், களியாகக் கிண்டினார்கள், ரொட்டி என்ற பெயரில் தட்டினார்கள். எதிலும் நாக்கு ஒத்துப்போகவில்லை. பொம்மை துடைக்கிற பெண்கள் நாள் முழுக்கக் கோதுமையைத் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். நடுநடுவே மேஸ்திரியின் பாட்டையும், வேறு பாட்டு இல்லாத குறைக்கு, பாடினார்கள். நடவுக்காலம் வந்ததும் கம்பெனியை விட்டு நல்லூருக்குத் திரும்பினார்கள். பாட்டும் அவர்களோடு போயிற்று. கோதண்டபாணி அதைக் கவனிக்கவில்லை. அவர் மெட்ராஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் ஒரு மேன்ஷன் அறைக் கதவில், ஊர்ப் பெயரைச் சுருக்கிச் சேர்த்து, "விருதைக் கோதண்டபாணி, கவிஞர், பாடகர்" என்று அட்டை தொங்கவிட்டார். மழையில் ஐகாரச் சுழி அழிந்து, வழிந்த மை காலாக நின்று, "விருதாக் கோதண்டபாணி" ஆயிற்று. பிழை என்று சொல்ல முடியாது. சினிமா இசையமைப்பாளர் ஒருவர் மட்டும் பாட்டைப் பொறுமையாகக் கேட்டு, கடைசி அடியை எடுத்துவிட்டால் யோசிக்கலாம் என்றாராம். கதாநாயகன் பெயர் பாஸ்கர், அவன் எதற்காகக் கோதண்டன் வாக்கைப் பற்றிப் பாட வேண்டும் என்பது அவர் கேள்வி. கதாநாயகன் பெயரை மாற்றும்படி கோதண்டபாணி யோசனை சொன்னார். அத்துடன் சினிமா முடிந்தது.

1975இல் மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்தது. பாடகர் தேர்வுக்குப் போய்ப் பாடினார். முதல் அடியிலேயே போதும் என்றார்கள். அறிவிப்பாளராக வேண்டுமானால் முயன்று பார்க்கலாமே என்று ஒருவர் சொல்ல, கோதண்டபாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு எங்க ஊரு மாயவனே போதுமே" என்று கத்தி, கேவலப்படுத்துவதற்காகவே காலரை நீவி, மேஜையைத் தட்டி, "அடுத்து வருவது" என்று செய்து காட்டினார். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தபோது சட்டைக் காலர் தோள்வரை நீண்டிருந்தது, கிருதா தாடைவரை இறங்கியிருந்தது.

"அறிவிப்பாளர்னு சொல்லாதீங்க. நான் நிகழ்ச்சி வழங்குறவன்" என்றார்.

"இனாமா வழங்குறீங்களா, காசுக்கா?" என்று டீ ஆற்றியபடி கடைக்காரர் கேட்டார்.

"இதெல்லாம் ஒரு படிதான்யா. உள்ள நுழைஞ்சிட்டேன். ஒரு நாளைக்கி அதே டெலிவிஷன்ல என் பாட்ட, என் பேரோட, ஊரு கேக்கும். கேக்கலன்னா என் பேர மாத்திக்கறேன்."

கேட்க வழியில்லை. மெட்ராஸிலிருந்து கிளம்பும் படம் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் களைத்துப்போகும், விருத்தாசலம்வரை வராது. ஆகவே எங்கள் ஊரில் அவர் புகழுக்கு ஒரு சேதமும் ஏற்படவில்லை. மாயவன் மட்டும் மரியாதையாக ஒன்று கேட்டார். "மைக்கு நல்ல மைக்குங்களாண்ணே?"

மறு வருஷம் நாட்டுப்பாடல் ஆராய்ச்சி செய்யும் ஆதிநாராயணன் என்ற பேராசிரியர் டேப் ரெக்கார்டருடன் நல்லூருக்கு வந்தார். வரப்பில் நின்று நடவுப் பாட்டெல்லாம் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டில் மயங்கி, ஆராயியையும் அவள் கோஷ்டியையும் டெலிவிஷனில் பாட ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு மெட்ராஸ் தெரியாது. மைக் செட்டுக்கு வால்வு வாங்க மாதாமாதம் மெட்ராஸ் போய் வருகிற மாயவன் துணைக்குப் போனார். இனிமேல் வருவது அவர் சொன்னது. தம் வாழ்நாளில் உள்ளதை உள்ளபடி அறிவிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் என்பதால் நம்பலாம்.

ஸ்டூடியோவில் கோதண்டபாணி முகமெல்லாம் பவுடரும், உதட்டில் சாயமும், புருவத்தில் மையுமாக நின்றார்.

"மேஸ்திரி, யாரு ஒங்கள இப்படித் தொடச்சி வுட்டது? ஓரத்துல பிசிறு நிக்குதே" என்றாள் ஆராயி.

ஒத்திகை தொடங்கியது. பெண்கள் "களிமண்ண மிதிச்சாலும்" என்று எடுத்ததும் கோதண்டபாணி மாயவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாயவன், என் பாட்டுடா. நான் சொன்னன்ல. என் பாட்டுடா." கண் கலங்கி, மை கன்னத்தில் இறங்கியது. களிமண் கலங்கவில்லை, சூளையில் சுருங்கவில்லை, பொம்மை பேசவில்லை. கடைசி அடி வந்தது.

இந்தக்
கோதும தின்ன நாக்கு கோணாதடி

கோதண்டபாணி கையை விட்டுவிட்டார்.

"ஆராயி, கடைசி அடி அப்படி இல்லியே. கோதண்டன் சொன்ன வாக்குன்னுல்ல வரும்?"

"நீங்க அப்படித்தான் பாடுனீங்க மேஸ்திரி. நடவுல நாலு பேரு கேட்டாங்க, யாரு அவன், எந்த ஊருக்காரன், என்னா வாக்கு குடுத்தான்னு. எங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. கோதும எல்லாரும் தின்னது."

"அதுக்காவ?"

"அளவு சரியா உக்காந்துச்சு. நீங்கதான பத்தல பத்தலன்னீங்க."

பேராசிரியர் அந்தப் பக்கம் நிலையத்தாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இதுல கோதுமைங்கிற சொல்லைப் பாக்கணும். நெல் விளையிற பூமியில கோதுமை எப்படி வந்தது? வடக்கேயிருந்து வந்த வணிகர் கூட்டம். ஆக, பாட்டுக்கு வயசு குறைஞ்சது முந்நூறு வருஷம். கோணாத நாக்கு, அது அந்நிய மொழிக்கு வளைஞ்சு கொடுக்காத நாக்கு."

"ரேஷன்ல போட்டாங்க சார்" என்றார் மாயவன். பேராசிரியர் காதில் அது விழவில்லை.

கோதண்டபாணி அவரிடம் போய் நின்றார். "ஐயா, இந்தப் பாட்டு எழுதுன ஆளு யாருன்னு தெரிஞ்சா..."

"தெரியாது. அதுதானே இதோட அழகு."

"ஒருவேள தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இது நாட்டுப்பாடல் இல்ல, எவனோ கட்டின பாட்டு. நிகழ்ச்சியிலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான். இந்த அம்மாக்கள்கிட்ட ஏற்றப்பாட்டு ஒண்ணு இருக்கு, அதை வச்சுக்கலாம். ஏன், உங்களுக்கு யாராவது தெரியுமா? உங்க ஊர்ப்பக்கம்தானாமே."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். மேக்கப்காரர் குறுக்கே வந்து, கன்னத்து மையைத் துடைத்து, மறுபடியும் பவுடரை அப்பினார். அவர் நகர்ந்தபோது வாய் மூடியிருந்தது.

"தெரியுமான்னு கேட்டேன்" என்றார் பேராசிரியர்.

"சும்மாக் கேட்டேன் ஐயா."

விளக்குகள் எரிந்தன. பெண்கள் வைக்கோல் பரப்பிய மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாயவனை ஓர் ஓரமாக நிறுத்தி, இருமக்கூடாது என்றார்கள். கோதண்டபாணி தம் மேஜைக்குப் போனார். எழுதிக் கொடுத்த தாள் அங்கே தயாராக இருந்தது. அதை ஒருமுறை படித்தார். எதிரே ஒருவர் விரல் மடக்கி எண்ணினார். கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கோதண்டபாணி சட்டைக் காலரை நீவினார். ஆள்காட்டி விரலால் மைக்கை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"அடுத்து வருவது, நல்லூர் வட்டாரத்து நாட்டுப்பாடல். எழுதியவர் பெயர் தெரியவில்லை."