ஆட்டுப் புழுக்கைக்குள் தெரிந்த தலை

மெர்வ் ட்ரான்டர் தன் பின்மண்டையை முதன்முறையாகப் பார்த்தது ஓர் ஆட்டுப் புழுக்கைக்குள். அப்போது அவனுக்கு அறுபது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் பார்க்க வழியில்லாமல் இல்லை, மனசுதான் இல்லை. நியூ சவுத் வேல்ஸின் மேட்டு நிலத்தில் இருக்கிற எங்கள் பிண்டரூவில் ஆண்கள் சவ அடக்கத்துக்கும் குளியலுக்கும் மட்டுமே தொப்பியைக் கழற்றுவார்கள். முப்பது வயதிலேயே முடி உதிர்ந்துபோன மெர்வ் குளியலுக்கு மட்டும் கழற்றுவான், அதுவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு. சவ அடக்கங்களுக்கு அவன் போவதே இல்லை. கல்யாண போட்டோவிலும் தொப்பிதான். பாதிரியார் முறைத்துக்கொண்டு நிற்பது பக்கத்தில் தெளிவாகத் தெரியும்.

ஒரு நாள் நாய் அந்தத் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நாயைத் துரத்திக்கொண்டு மெர்வ் ஓட, பின்னாலேயே ஓடிய அவன் மனைவி நோலா, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கரும்புள்ளியைப் பார்த்துவிட்டாள். விளிம்பு கோணல்மாணலாக, காய்ந்த திராட்சை அளவில் இருந்தது. மெர்வின் அப்பா கிளாரிக்கும் கழுத்தில் இப்படி ஒன்றுதான் வந்தது, வெயில் கொண்டுவருகிற தோல் புற்று. அவரும் அது ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கும்போதே அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். அன்றிலிருந்து நோலாவுக்கு ஒரே வேலை, இவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவது. மெர்வுக்கும் ஒரே வேலை, போகாமல் இருப்பது.

"வெயிலே படாத எடத்துல என்னடி வரப்போகுது?" என்பான். அவன் தூங்கும்போது செல்போனில் படமெடுத்துக் காட்டினாள். "அது உன் போன்ல இருக்கிற அழுக்கு" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்துக் காட்டினாள். "ரசம் போன கண்ணாடி. உங்க அம்மா குடுத்ததுதானே?" என்றான், கண்ணை மூடிக்கொண்டு. அந்த மனுஷன் உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான், ஆட்டுப் புழுக்கையை. ஒன்றைப் பொறுக்கி, விரலால் நசுக்கி, மோந்து பார்த்தால், அந்த ஆடு எந்த மேய்ச்சல் நிலத்தில் நின்றது, என்ன தின்றது, யார்மேல் கோபமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவான். தேர்தலைப் பற்றிக்கூட அவன் அப்படித்தான் ஒரு முடிவுக்கு வருவான் என்று பேசிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கோடையில் மழை விடாமல் பெய்தது. ஈரத்தில் குடற்புழு பெருகி, ஆடுகளின் ரத்தத்தை உள்ளிருந்தே உறிஞ்சியது. காலையில் மேய்ந்த ஆடு மதியம் சாய்ந்து கிடந்தது. புழுக்கையை ஊருக்கு வெளியே சோதனைக்கு அனுப்பினால், பதில் வருவதற்குள் ஆடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு நுண்ணோக்கி வாங்கி, புழு முட்டைகளைத் தாங்களே எண்ணிக்கொள்வது என்று முடிவானது. நோலா மாட்டு டாக்டரிடம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தாள். முட்டையைப் பார்க்க நாற்பது மடங்கு போதும், அதற்குமேல் வெட்டிச் செலவு. இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி இருந்தால் கழுத்து வலிக்காது. விளக்கு நல்லதாக இருக்க வேண்டும், திருகுகள் ஆடக் கூடாது. இதையெல்லாம் அவள் சொல்ல, மெர்வ் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பிறகு டவுனுக்குப் போய் இரண்டாயிரம் மடங்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

இதற்காக அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் யாரும் எதையும் தேவைக்கு வாங்குவதில்லை, பக்கத்துப் பண்ணைக்கு வாங்குவார்கள். டிராக்டரும் அப்படித்தான், தண்ணீர் பம்பும் அப்படித்தான். அடுத்த பண்ணை லிண்ட்சே நானூறு மடங்கு வாங்கியிருந்தான். இன்னொருத்தன் ஆயிரம். அந்தச் சனிக்கிழமை மதுக்கடையில் மெர்வ் இரண்டாயிரம் என்றதும் எல்லாரும் பீரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ரெண்டாயிரமா! மச்சான், மலை ஏறுமா அது?" என்று டிராக்டரைக் கேட்கிற மாதிரி லிண்ட்சே கேட்டான்.

"இழுக்கும்" என்றான் மெர்வ். அன்று அவன் சட்டைப் பொத்தான்கள் தெறிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் ஒரு மேசை போட்டு அதை வைத்தார்கள். முதல் சிக்கல் தொப்பி. குனிந்தால் தொப்பியின் விளிம்பு போய்க் கருவியின் கழுத்தில் இடிக்கிறது, கண் லென்ஸுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தான், மண்டியிட்டுப் பார்த்தான். கடைசியில் நோலாவை வெளியே அனுப்பிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். புழுக்கையை உப்புக் கரைசலில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் விட்டு, சிறிய லென்ஸில் பார்த்தபோது முட்டைகள் மேலே மிதந்து பளிச்சென்று தெரிந்தன. எண்ணினான். மருந்து கொடுக்க வேண்டிய ஆடுகளுக்குக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் மந்தையில் ஓர் ஆடுகூடச் சாகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அன்று மதியம் வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து, தூசு படாமல் உறையைப் போட்டான். உடனே எங்கள் ஊர் முழுக்க இருட்டிவிட்டது. கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்தன. பள்ளிக்கூட பஸ் முன்விளக்கு போட்டுக்கொண்டு வந்தது. உறையை நிமிர்த்தி வைக்கலாம் என்று அவன் தூக்கியதும் மறுபடி வெளுத்தது. மழை மேகம் என்று நாங்கள் துணிகளை எடுத்து உள்ளே போட்டோம்.

இத்தோடு விட்டிருக்கலாம். லிண்ட்சே விடுவானா? "ரெண்டாயிரத்துல என்னடா தெரிஞ்சுது?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டான். "முட்டை எண்றதுக்கா ரெண்டாயிரம்? கொசு அடிக்க பீரங்கி வாங்கின கதையா இருக்கே!" என்று கடை முழுக்கச் சிரிப்பு. மெர்வ் ரோஷக்காரன். மறுநாளே ஒரு முட்டையை நடுவில் வைத்து, பெரிய லென்ஸைத் திருப்பி, அதற்கு வேண்டிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டான். விட்ட கையோடு கொட்டகையின் தகரக் கூரைமேல் சொத்தென்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தான். முட்டைக்குள் ஒரு மேய்ச்சல் நிலம் தெரிந்தது. வேலி, தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை. கூரை முழுக்க எண்ணெய். அதன்மேல் வெள்ளைக் கொண்டைக்கிளிகள் வரிசையில் நின்று வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. நுண்ணோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், ஆகவே அவை மேல்நோக்கி வழுக்கின. வெளியே போய்ப் பார்த்தான். அதே கிளிகள், அதே கூரை, கீழ்நோக்கி.

இன்னும் தெளிவாகப் பார்க்கிற ஆசையில் அவசரக்காரர்கள் செய்கிற தப்பைச் செய்தான். கண்ணை லென்ஸில் வைத்துக்கொண்டே பெரிய திருகை விருட்டென்று கீழே திருகினான். பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்லி நோலா முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் போய்த் தகட்டில் இடித்து, கண்ணாடி படக்கென்று உடைந்தது. அதே நொடியில் கொட்டகைக் கூரையில், வண்டிச் சக்கரம் அகலத்துக்கு, வட்டமாக ஓர் ஓட்டை விழுந்தது. காப்பீட்டு ஆள் வந்து அண்ணாந்து பார்த்து, ஆலங்கட்டி என்று எழுதிக்கொண்டு போனார். லென்ஸ் நல்லவேளையாகப் பிழைத்தது.

புதுத் தகடு ஒன்றில் வேறு புழுக்கையை வைத்தான். அதே நிலம், அதே கூரை, இப்போது ஓட்டையோடு. ஓட்டைக்குள்ளே ஒரு மேசைமேல் ஒருவன் குனிந்திருந்தான். தேங்காய் உரித்தது மாதிரி வழுக்கை. "யார்ரா இவன், நம்ம கொட்டகைல?" என்று மெர்வ் கையை ஓங்கினான். அவனும் ஓங்கினான். மெர்வ் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு நோலாவைக் கூப்பிட்டான்.

அவள் வந்து பார்த்தாள். நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தாள், அங்கே வெறும் வானம்தான். மறுபடி குனிந்தாள், உள்ளே இப்போது அவள் தலையும் பக்கத்தில் ஒரு தொப்பியும் தெரிந்தன. "தொப்பியக் கழட்டிட்டு நீயே பாரு. அந்தாள் மண்டைல கறுப்பா ஏதாவது இருக்கான்னு சொல்லு" என்றாள்.

மெர்வ் கழற்றிவிட்டுப் பார்த்தான். "லென்ஸ்ல அழுக்கு" என்றான்.

"சரி, அழுக்கு எங்கன்னு கண்டுபிடிப்போம்" என்றாள் நோலா. அதற்கு ஒரு முறை இருக்கிறது, கருவியோடு வந்த தாளிலேயே போட்டிருக்கும். அழுக்கு கண் லென்ஸில் இருந்தால், அதைத் திருகும்போது அழுக்கும் கூடவே சுற்றும். மெர்வ் திருகினான். புள்ளி அசையவில்லை. அப்படியானால் கீழ் லென்ஸாக இருக்கும் என்று சட்டை நுனியை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் அவன் கையில் ஓர் அடி போட்டாள். லென்ஸுக்கென்றே இருக்கிற மெல்லிய தாளால், ஒரே பக்கமாக, தட்டிக்கொடுக்கிற மாதிரி எண்ணெயை ஒற்றி எடுத்தாள். கூரையில் கிளிகள் ஏமாற்றத்தில் கத்தின. புதுச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். புள்ளி அங்கேயேதான் இருந்தது. கடைசியாக மிச்சமிருந்தது தகடு. வலது பக்கம் நகர்த்தினால் கொட்டகை இடது பக்கம் போனது, கொட்டகையோடு மேசை, மேசையோடு மண்டை, மண்டையோடு புள்ளி.

"லென்ஸ்ல இல்ல மெர்வ். புழுக்கைலதான் இருக்கு" என்றாள் நோலா.

மெர்வ் மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தான். புழுக்கை பொய் சொல்லாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்தானே. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே வலது கையைத் தூக்கி, ஒரு விரலை மெதுவாகத் தன் பின்மண்டைக்குக் கொண்டுபோனான். முட்டைக்குள் ஒரு விரல் வந்தது. இங்கும் அங்கும் தடவி, வழி தப்பி, திரும்பி வந்து, புள்ளியின்மேல் நின்றது. அவன் விரலுக்குக் கீழே சொரசொரவென்று இருந்தது.

"நோலா, வண்டிச் சாவி எங்க?" என்றான்.

டாக்டரம்மா அன்றே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அது நல்லதில்லாத ஜாதிதான் என்று வந்தது. ஆனால் வேர் விடவில்லை. "இன்னொரு கோடை விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். மெர்வ் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர் எங்கள் வட்டாரத்தில் வெகு காலமாக இருப்பவர், மறு கேள்வி கேட்கவில்லை. காரில் வந்து உட்கார்ந்ததும் நோலா ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். "அழாதடி, கண் லென்ஸ் நனைஞ்சா பூஞ்சை புடிச்சிரும்" என்றான் அந்த மடையன், கருவி வீட்டில் இருக்கும்போது. அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

கூரை ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை மெர்வ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டைக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்காருகிறான். நோலா ஒரு புழுக்கையைக் கரைத்து, தகட்டில் விட்டு, அவன் தலையை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறாள். லிண்ட்சேயும் தன் புழுக்கையைக் கொண்டு வருவான். தன் ஆட்டின் புழுக்கையைத்தான் சொல்கிறேன். அவனுடைய நானூறில் கூரை மட்டும்தான் தெரிகிறது, உள்ளே இருக்கிற தலை தெரிவதில்லை. ஒரு நாள் அவனுக்கே பொறுக்காமல் கேட்டுவிட்டான், "டேய், ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்கே? நோலா நேரா பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"வெறுங்கண்ணுல பாக்கறத எப்படிடா நம்புறது?" என்றான் மெர்வ்.

"ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்று நோலா சொன்னதும் அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறான். அவள் எண்ணெயை ஒற்றி எடுத்து, சிறிய லென்ஸைத் திருப்பி வைத்து, விளக்கை அணைக்கிறாள். பிறகு ஜன்னல் வழியாக எட்டி, பள்ளிக்கூட பஸ் போய்விட்டதா, யாராவது இன்னும் வேலி கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு உறையைப் போடுகிறாள். எங்களுக்கு இருட்டிவிடும், நாங்கள் சாப்பிட உட்காருவோம்.