இடிச் சீட்டு

“புலிய எங்கடா வெச்ச?”

குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கொழுந்தனார் கையில் இருந்த பொம்மைகளை மேசையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அண்ணன் அதட்டினால் நிமிர்கிற பழக்கம் தலை நரைத்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

“பள்ளிக்கூடத்துலண்ணே.”

“அஞ்சாம் சுத்துல புலி ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கணும். புத்தகத்தப் பாரு.”

விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிதான்.

அவள் கட்டிலின் காலடியில் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, கணவரின் முகம் மேசைக்கு நேராக வந்தது. சாப்பாட்டு மேசையையே அறைக்குள் கொண்டுவந்து கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு அறையில் நடக்கவே இடமில்லை. எல்லோரும் பக்கவாட்டில்தான் நகர வேண்டியிருந்தது.

காலையில் ஊசி போட வந்த நர்ஸ் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொல்லியிருந்தாள். “யாராச்சும் வரணும்னா இன்னிக்கே வரச் சொல்லிடுங்க.”

“வரவேண்டியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. அவரோட அக்கா மட்டும் ட்ரெய்ன்ல வந்துட்டு இருக்காங்க.”

போகும்போது நர்ஸின் கண் மேசைமேல் விழுந்தது. குரங்கு, கரடி, ஒட்டகச்சிவிங்கி. “வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?”

“இருக்காரு ஒருத்தர்” என்றாள் அவள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டு கம்பிகளை இறுக்கிவிட்டு வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஒரு பெட்டியைத் திறப்பார். அலமாரி நிறையப் பெட்டிகள். எந்த நாட்டில் எந்த ஆட்டம் புதிதாக வருகிறது, எதற்குப் பரிசு கொடுத்தார்கள், எது வெறும் படாடோபம் என்று அவருக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை. மேசையருகே எண்ணெய்ப் பண்டம் வரக்கூடாது. ஒருமுறை மகள் வறுத்த கடலையோடு உட்கார்ந்ததற்கு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இந்த மிருகக்காட்சிசாலை ஆட்டம்தான் இப்போதைய பைத்தியம். கூண்டுகளின் பூட்டு உடைந்து மிருகங்கள் ஊருக்குள் போய்விட்டன. பொழுது விடிவதற்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் ஒருவருக்கொருவர் எதிரி இல்லை. ஆடுகிற நான்கு பேரும் ஒரு பக்கம், பெட்டி மறுபக்கம். ஜெயித்தால் நால்வரும் ஜெயிப்பார்கள், தோற்றால் நால்வரும். நான்கு சுற்றுகளை ஜெயித்தாகிவிட்டது. ஐந்தாவது மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் முகத்தில் அடித்துத் திருப்பி அனுப்பியது.

“அண்ணே, ஆறாம் சுத்து தனிப் பெட்டியா வருதாம். அடுத்த வருஷம்.” கொழுந்தனார் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு காண்டாமிருகமாம்.”

சொன்ன பிறகுதான் ‘அடுத்த வருஷம்’ அவர் காதிலேயே விழுந்தது. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“வரட்டும்” என்றார் கணவர். “அதுக்கு முன்னாடி இத முடிச்சிடணும்.”

நால்வரும் ஆடுகிறார்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் ஆடுவது அவர் ஒருவர்தான். குரங்க விடு, அது தானா வரும். சித்தப்பாவ ஏன் இடிக்கிற, நீ தபாலாபீஸ் பக்கம் போ. டீச்சர், வாழப்பழத்த அந்தக் கட்டத்துல போடு. இப்படி ஒரே ஆள் எல்லோருக்கும் சேர்த்து ஆடுவது இந்தப் பொழுதுபோக்கில் பெரிய வியாதி என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் கேப்டன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது அவளை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரத்தில் ஆறு நாளும் இடப்பக்கமா, மெதுவா, கண்ணாடியப் பாருங்க என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை யாராவது தனக்குச் சொல்வது முதலில் ஓய்வாகத்தான் இருந்தது. அவர் சொன்ன கட்டத்தில் தீனியை வைத்தாள். ஜெயித்தபோது எல்லோரோடும் கைதட்டினாள். ஆனால் எப்போதிலிருந்தோ, அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் கண் வேறொரு கட்டத்துக்குப் போய்விட ஆரம்பித்தது. சில நாள் அவளுடையதுதான் நல்ல கட்டமாக இருந்தது. அதை அவள் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது பயத்தால் இல்லை, பிரியத்தால் என்றே நினைத்திருந்தாள். அது முழு உண்மையா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இன்றைக்கு ஆட்டம் நன்றாகப் போனது. பேசத் தெம்பில்லாத இடங்களில் அவர் விரலால் காட்டினார். குரங்கு வந்தது. கரடி வந்தது. ஒட்டகச்சிவிங்கி வந்தது. ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டேன் என்ற புலியை மகளும் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் நெருக்கிக் கொண்டுவந்து அடைத்தார்கள். அவருடைய கன்னத்தில் லேசாக ரத்தம் ஏறியிருந்தது. அல்லது ஜன்னல் வெளிச்சமோ என்னவோ.

மிச்சம் யானை மட்டும். ரயில்வே ஸ்டேஷனில் நின்றது. சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டு பாக்கி. ஒரு சீட்டை அவள் புரட்ட வேண்டும், கடைசியை அவர். அது முடிந்தால் விடிந்துவிடும். அப்போது யானை மிருகக்காட்சிசாலை வாசலுக்குப் பக்கத்தில் நின்றால் போதும், ஜெயித்த கணக்கு.

வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று கடைத்தெரு முனை, ஸ்டேஷனுக்கு அடுத்தது. இன்னொன்று ஆற்றுப் பாலம், ஸ்டேஷனிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி.

அவருடைய விரல் எழுந்தது. “கடைத்தெரு முனை. கரும்ப அங்க போடு, டீச்சர். வாசம் பிடிச்சு வந்துடும்.”

வரும். அடுத்த கட்டத்தில் தீனி இருந்தால் யானை தானாக வரும். ஆனால் இடிச் சீட்டு ஒன்று இருக்கிறது. அது விழுந்தால் மிருகங்கள் மிரண்டு ஆற்றுப் பக்கமாக இரண்டு கட்டம் ஓடும். கடைத்தெரு முனையிலிருந்து ஓடினால் யானை ஊரைத் தாண்டிப் போய்விடும், ஆட்டம் போச்சு. ஸ்டேஷனிலிருந்து ஓடினால் பாலத்துக்கு வரும். அங்கே கரும்பு இருந்தால் நின்றுவிடும்.

“இடி இன்னும் வரலைங்களே?”

“வந்துடுச்சே. தம்பிதான எடுத்தான். குரங்கு கூட மிரண்டு கோயில் மேல ஏறிச்சே.”

குரங்கு மிரண்டது போன ஞாயிற்றுக்கிழமை.

அவள் கொழுந்தனாரைப் பார்த்தாள். “ஆ…மாண்ணே” என்றார் அவர், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கழித்த சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கக் கூடாது, அது விதி. விதியை மீறி ஜெயிப்பதைவிடத் தோற்பது மேல் என்று இந்த மேசையில் எத்தனையோ முறை அவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் பல நாளாகச் சரியான தூக்கமில்லை. பிசகியது தன் ஞாபகமாகவும் இருக்கலாம். கொழுந்தனார் இழுத்துச் சொன்ன அந்த ‘ஆ’வைத் தவிர அவளிடம் வேறு சாட்சி இல்லை.

சரிங்க என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. கரும்பைக் கடைத்தெரு முனையில் வைத்துவிடலாம். இடி விழும், தோற்பார்கள், பரவாயில்லண்ணே என்பார் தம்பி. ஒரு சீட்டைக்கூட மறக்காத மனிதரிடம் போய், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று இன்றைக்கா சொல்வது? இன்னொரு நாள் சொல்லலாம் என்றால் இன்னொரு நாள் இல்லை. ஆனால் அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே தோற்பதா? கொழுந்தனார் முழங்காலைப் பார்க்கிறார், மகள் ஜன்னலைப் பார்க்கிறாள். உயிரோடு இருக்கும்போதே அவரை ஆட்டத்திலிருந்து எழுப்பிவிட்டோம். அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

கார் பழக வருகிறவர்கள் எல்லோரும் அவள் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். அவளுக்கல்லவா தெரியும், அதை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று. வீட்டில் எத்தனை வருஷமாக அதன் மேலேயே காலை வைத்திருந்தாள்! தன் வண்டிக்குத் தானே.

கரும்புக் கட்டை எடுத்துப் பாலத்தின் மேல் வைத்தாள்.

“டீச்சர்.”

“ம்.”

“கடைத்தெரு முனைன்னேன்.”

“கேட்டுச்சுங்க.”

அறையில் ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் புஸ் புஸ்ஸென்றது. அவர் மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புருவம் நெறிந்தது. அவள் தன் சீட்டைப் புரட்டினாள்.

அமைதியான இரவு. ஒன்றும் நடக்கவில்லை. யானை ஸ்டேஷனிலேயே நின்றது.

“ஐயோ” என்றாள் மகள் மூச்சுக்குள். அவர் சொன்னபடி வைத்திருந்தால் யானை இந்நேரம் முனைக்கு வந்து நின்றிருக்கும். அவள் தன் சீட்டைக் கழித்த சீட்டுகளின் மேல் வைத்தாள். அவருடைய கடைசி ஆட்டத்தைத் தான்தான் கெடுத்துவிட்டோமோ? காலமெல்லாம் இது முதுகில் உட்கார்ந்துகொள்ளப் போகிறதோ?

கடைசிச் சீட்டு அவருடையது. மகள் எடுத்துக் கொடுக்கப் போனாள். அவர் தலையை அசைத்து மறுத்தார். கையை அவரே நீட்டினார். பிளாஸ்டிக் உறை இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை சீட்டு புரண்டு மேசையில் விழுந்தது.

இடி.

அவர் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யானையைத் தன் விரல்களாலேயே பிடித்து, ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று நகர்த்தி, பாலத்தில் கரும்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

கொழுந்தனார் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் தரையை இடித்தார். “இடிய்யா! நல்லா இடி! ஜெயிச்சுட்டோம்யா!” என்று கொழுந்தனார் கூரையைப் பார்த்துக் கத்தினார். மகள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் குதித்தாள். கணவரின் உள்ளங்கை போர்வையைத் தட்டியது; சத்தமே வராத கைதட்டல்.

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லலைங்க.”

“நீயாவா?”

“நானாத்தான்.”

அவர் கண்கள் சுருங்கின. லிஃப்ட் ஏன் நடுவழியில் நிற்கிறது என்று யோசிக்கும்போது அப்படித்தான் சுருங்கும். “எத்தன நாளா இப்படி?”

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. சிரிப்பை அடக்க முடியவில்லை. “ரொம்ப நாளா.”

“அடிப்பாவி” என்றார் அவர். சிரிப்பு அவரையும் பிடித்துக்கொண்டது; தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இருமல் வந்தது, போனது. மறுபடி சிரித்தார்.

கொழுந்தனார் பெட்டியை எடுத்தபோது அவர் ஒரு விரலைத் தூக்கினார். வேண்டாம். தலையை மேசைப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். கண்கள் மூடுகிற வரைக்கும் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் மேசையைக் கடந்து சுவருக்குப் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவள் கை அவர் கையின் மேல் இருந்தது. மகள்தான் எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினாள்.

அவருடைய அக்கா நேரே ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்தார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தார். “கடைசியா ஏதாச்சும் சொன்னானாம்மா?”

மகளும் கொழுந்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அடிப்பாவின்னாருங்க அண்ணி.”

அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். என்ன கண்டாரோ, அதற்கு மேல் கேட்கவில்லை.

அமரர் ஊர்திக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அறை வாசலில் நின்று அளவு பார்த்தார்கள். மேசை இருக்கும்வரை உள்ளே வர வழியில்லை.

“இதையெல்லாம் எடுத்துட்டு மேசையக் கொஞ்சம் வெளிய போட்டுட்டா…” என்றார் மூத்தவர்.

கொழுந்தனார் பெட்டிக்குக் கை நீட்டினார்.

“அப்படியே தூக்கலாம்” என்றாள் அவள்.

மூத்தவர் பொம்மைகளைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தார். கொழுந்தனார் ஒன்று, மகள் ஒன்று. அவளுடைய மூலை கதவுப் பக்கம் அமைந்தது. பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும். இப்படித் திருப்பு, அங்கே பார் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நிலைப்படி வந்தபோது நால்வரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள்.

யானை ஒரு தரம் முன்னும் பின்னும் ஆடியது. பாலத்தின் மேலேயே நின்றது.