ஈயத் தொட்டியில் விழுந்த தண்ணீர்

கன்னட எல்லையோரம் அத்திபெலேயில் சர்க்யூட் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி அது. போர்டில் ஈயப் பற்றுவைக்கும் புது சால்டரிங் மெஷினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி தியோடர், லைன் சூப்பர்வைசர் தமயந்தியிடம் கொடுத்தார். அன்றிலிருந்து குணசேகர் அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

மெயின்டெனன்ஸ் முழுக்க அவன் கையில்தான் இருந்தது. மூடிப்போன ஒரு ஃபேக்டரியின் பழைய மெஷினைக் கொண்டுவந்து தானே ஓட்டிக் காட்டப்போவதாக எல்லாரிடமும் பெருமையடித்து வைத்திருந்தான். தமயந்தி போய்ப் பார்த்தாள். ஈயம் உருகும் தொட்டியின் ஓரம் அரித்துக் கிடந்தது. சூடு காட்டும் மீட்டர் நினைத்தால் ஏறியது, நினைத்தால் செத்தது. புகையை வெளியேற்றக் குழாயே இல்லை.

"இத வெச்சு ஓட்டினா பொண்ணுங்க நெஞ்சுதான் வெந்து போவும் சார்" என்றாள். தியோடர் புதியதையே வாங்கினார்.

முதல் நாள் ஓட்டத்தில் போர்டுகளில் செருகிய பாகங்களின் கால்கள் ஒன்றோடொன்று ஈயத்தால் ஒட்டிக்கொண்டு வந்தன. தமயந்தி ஈயம் சரியாகப் பிடிக்கத் தெளிக்கும் ஃப்ளக்ஸைக் கொஞ்சம் கூட்டினாள், கன்வேயரின் சரிவை மாற்றினாள். மதியத்துக்குள் போர்டுகள் சுத்தமாக வந்தன. தியோடர் எல்லார் முன்னாலும் கைதட்டிவிட்டு, "குணா, இனிமே இந்த மெஷின் விஷயத்துல தமயந்தி சொல்றபடி செய்" என்று சொல்லிப் போனார்.

குணசேகர் மேஜையிலிருந்த குடிதண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கமே நின்றான்.

ஈயத்தின் மேலே படிந்த கசடை வழிக்க மெஷினின் மூடியைத் தூக்கினார்கள். ஆபரேட்டர் மோனிகா கரண்டியோடு குனிந்தாள். உருகிய ஈயம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும். குணசேகருக்கு நன்றாகவே தெரியும்.

"பொம்பள சொல்லி நான் வேல செய்யணுமாடி?"

தமயந்தியைப் பார்த்துக் கத்திக்கொண்டே, கையிலிருந்த ஜக்குத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் வீசினான்.

தொட்டி வெடித்தது. கொதிக்கும் ஈயம் கூரைவரை தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் மோனிகாவின் கண் தப்பியது, கழுத்து தப்பவில்லை. அவள் அலறிக்கொண்டு விழுந்தாள். தமயந்தி சிவப்புப் பட்டனை ஓங்கிக் குத்தி மெஷினை நிறுத்தினாள். திரும்புவதற்குள் குணசேகர் அவள் குரல்வளையைப் பிடித்துப் பின்னால் இருந்த மேஜைமேல் சாய்த்தான். தலை மரத்தில் மோதியது. கண் இருண்டது.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அண்ணன்மாரோடு உருண்டு புரண்டு வளர்ந்தவள் அவள். முழங்காலால் அவன் வயிற்றில் இடித்தாள். பிடி தளரவில்லை. துழாவிய கையில், போர்டுகளை ரிப்பேர் செய்யச் சூடேற்றி வைத்திருந்த சால்டரிங் அயர்ன் அகப்பட்டது. அவன் கன்னத்தில் வைத்தாள். சதை பொசுங்கியது. குணசேகர் ஊளையிட்டுக் கையை விட்டான், மண்டியிட்டான்.

அவள் அயர்னைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. அவன் தலைமயிரைப் பற்றி இன்னும் அழுத்தினாள். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் அவள் கை விட்டது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தியோடர் கிசுகிசுத்தார். "அவன் பிடிச்சிருந்தப்ப சுட்டேன்னு மட்டும் சொல்லும்மா. உனக்கு எந்தப் பிரச்சனையும் வராது."

"ஏனாய்த்தம்மா?" என்ன ஆச்சும்மா என்று இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டார். அவளும் கன்னடத்திலேயே நடந்ததைச் சொன்னாள். தண்ணீர், கழுத்து, அயர்ன். கடைசியில், "அவன் விட்ட பிறகும் நான் விடல" என்றாள். தியோடர் தலையில் கைவைத்துக்கொண்டார். குணசேகரை உள்ளே தள்ளினார்கள். அவள் பெயரிலும் ஒரு கேஸ் பதிந்து, ஜாமீனில் விட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மோனிகா கழுத்துக் கட்டோடு படுத்திருந்தாள். தமயந்தியைக் கண்டதும் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் கண்ணுலயே வெச்சிருக்கணும் அக்கா."

தமயந்திக்கும் நேற்று அந்த எண்ணம்தான் வந்திருந்தது. கை அந்தப் பக்கம் நகர்ந்தும் இருந்தது. அதை மோனிகாவிடம் சொல்ல முடியவில்லை.

"வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையணையைச் சரிசெய்தாள்.