முன் சக்கரத்துக்குச் சந்தனம்

கல்யாணமாகி, தீவின் நடுவிலுள்ள வக்குவாவுக்குக் குடிவந்த முதல் வாரமே ஜெயபாரதிக்குத் தெரிந்துவிட்டது, தனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்று. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தாள் அவள். கருநீல உடம்பு, எதிர்காற்றைக் கிழிக்க முன்னால் ஒரு கவசம், நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு நோகாத இருக்கை. எழுநூற்றைம்பது சிசி ஜப்பானிய மோட்டார் சைக்கிள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சமையலுக்குத் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர், ஊர் திரும்பும்போது அவள் கணவன் நீலமேகத்திடம் விற்றுவிட்டுப் போனது.

நீலமேகம் பின்னலாடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாளன். வாரம் முழுக்க ஐரோப்பாவுக்குப் போகும் ஸ்வெட்டர்களோடு மல்லுக்கட்டுவான். ஞாயிறு காலை கொட்டகைக்குள் நுழைந்தானென்றால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். சங்கிலியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விடுவான். கம்பிகளை இழுத்துப் பார்ப்பான். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருப்பான். அவள் தேநீர் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வான்.

"உள்ளே வராதே, ஜெயா. அழுக்கு ஆகும்."

"யாரு அழுக்காவா? நானா, அவளா?"

அவன் சிரிப்பான். பதில் சொல்லும் அளவுக்கு அவனிடம் தமிழ் இல்லை. வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சு, கோவிலில் மட்டும் தமிழ் என்று வளர்ந்தவன். தஞ்சாவூரிலிருந்து ஒப்பந்தத்தில் தமிழாசிரியையாக வந்திருந்த ஜெயபாரதி, பெரியவர்களுக்கு நடத்திய சனிக்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்த வகுப்பிலேயே மோசமான மாணவன் அவன்தான். ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. ஏன் என்று புரிய அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. இன்றைக்கும் அவன் பேசுவது அவள் கற்றுக்கொடுத்த புத்தகத் தமிழ்தான். "நான் பசியாக இருக்கிறேன்" என்று அவன் பிரெஞ்சு 'ர'வைத் தொண்டையில் உருட்டிச் சொல்லும்போது, அவளுக்குச் சிரிப்பும் வரும், தன் மேலேயே கோபமும் வரும்.

வண்டியில் மட்டும் அவள் ஏறவில்லை. பயம்தான். பின்னால் உட்காரச் சொல்லி அவன் கேட்கும்போதெல்லாம் "பஸ் எதுக்கு இருக்கு?" என்பாள். இந்த வண்டி தொலைந்தால் நிம்மதி என்று கோவிலில் ஒரு தடவை வேண்டிக்கொண்டதும் உண்டு.

பிறகு ஒரு மாலை அவன் தொழிற்சாலையிலிருந்து தையல் டேப்போடு வந்தான். அவளைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து முதுகை அளந்தான். இடுப்பிலிருந்து தோள்வரை ஒன்று, குறுக்கே ஒன்று. என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. அடுத்த சில ஞாயிறுகளில் வண்டி மாறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் சாமான் வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டிகள் வந்தன. பின்னிருக்கையின் கால்மிதி, அவள் கால் எட்டும் அளவுக்கு இறங்கியது. கடைசியில் முதுகு சாய ஒரு திண்டு. அதன் மேல் ஸ்வெட்டர் நூலில் நெய்த கனத்த துணியைத் தைத்திருந்தான்.

அவள் அந்தத் திண்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முதுகுக்கென்று இந்தத் தீவில் ஒருவன் இடம் செய்து வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை பெல் ஒம்ப்ர்ல உங்க அக்கா வீட்டுக்குப் போலாமா?" என்றாள். "இதுல."

அவன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

சனிக்கிழமை முழுக்க வண்டிக்குத்தான். முன் சக்கரத்துக்குப் புது பிரேக் கட்டைகள் மாட்டினான். பழைய பிரேக் எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றி, குழாயில் காற்று இல்லாமல் எடுத்தான். "நீ பின்னால் இருக்கிறாய். எல்லாம் புதிது இருக்க வேண்டும்" என்றான்.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில், ஜெயபாரதி பூஜைத் தட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். முதல் பயணம் பொட்டு வைக்காமல் கிளம்புவதாவது! ஊரில் அப்பாவின் புல்லட்டுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பது அவள் வேலை. விளக்குக்கு ஒன்று, டாங்கிக்கு ஒன்று, சக்கரங்களின் நடுவில் ஆளுக்கொன்று. வெளியே வக்குவாவின் வழக்கமான தூறல். வெறும் சந்தனம் இந்த ஊர் ஈரத்தில் ஐந்து நிமிஷம் நிற்காது என்று வாசல் நிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் வீட்டில் செய்வதைப் போலவே முதலில் நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முன் சக்கரத்தில் இரு பக்கமும் வெள்ளித் தாம்பாளம் போல ஒரு தட்டு பளபளவென்று இருந்தது. பொட்டுக்கென்றே செய்ததுபோல. அதற்குத் தாராளமாகவே எண்ணெய் தடவினாள்.

நீலமேகம் வந்து விளக்கில் இருந்த பொட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தை விரலால் சரிசெய்தான். "பெட்ரோல் போட்டு வருகிறேன். நீ சாப்பாடு கட்டி வை" என்று கிளம்பினான்.

வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் சந்து நல்ல சரிவு. புளிசாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் முறியும் சத்தம். அதைத் தொடர்ந்து கோழிகள். அதைத் தொடர்ந்து, சந்து முனையில் குடியிருக்கும் லிலியானின் குரல்.

"அய்யோ மாமா! மிஸ்யே நீலமேகம்! அய்யோ மாமா!" கிரியோலில் மாமா என்றால் அம்மா.

இடது தோள்பட்டை எலும்பில் விரிசல். கைக்குத் தூளி கட்டி, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். "என் வேலி இல்லையென்றால் நேரே பஸ்ஸுக்கு அடியில்" என்று லிலியான் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வண்டியைத் தூக்கிவந்து கொட்டகையில் போட்டார்கள். பிரேக் குழாய் அறுந்து எண்ணெய் முழுக்க வடிந்திருந்தது. எது முதலில் கெட்டது, எது விழுந்ததால் கெட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நீலமேகம் கண்டுபிடிக்க முயலவும் இல்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

"பிடித்தேன். நிற்கவில்லை" என்றான், கூரையைப் பார்த்தபடி. "குழாயில் காற்று. அல்லது ஆணி சரியாக இறுக்கவில்லை. நான் செய்தேன், ஜெயா. என் கை. நீ பின்னால் இருந்தால்..."

அந்த வாக்கியத்தை அவன் ஒருநாளும் முடிக்கவில்லை.

வண்டி மேல் தார்ப்பாய் விழுந்தது. ஞாயிறுகளில் அவன் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தூறலைப் பார்த்தான். முதல் வாரம் ஜெயபாரதிக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது உண்மை. சக்களத்தி ஒழிந்தாள், புருஷன் உயிரோடு இருக்கிறான், வேறென்ன வேண்டும்? பிறகு ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகியபோது அவன் ஆள் கூப்பிடச் சொன்னான். இன்னொரு கை நன்றாகத்தானே இருந்தது. ஒரு வாஷர் மாற்றும் வேலை. "வேண்டாம். நான் செய்தால் சரியாக இருக்காது" என்றான். தொழிற்சாலையிலும் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிடும்படி கேட்டிருப்பதாக, சாப்பிடும்போது உப்பு கேட்பதுபோலச் சொன்னான்.

அவனுடைய பழைய சவாரிக் கூட்டாளி க்ளோட், கூர்பிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். அவனுக்கே வண்டியைத் தள்ளிவிட்டான் நீலமேகம். சனிக்கிழமை மத்தியானம் வேனோடு வருவதாகப் பேச்சு.

அன்று காலை ஜெயபாரதி வாளியும் துணியுமாகக் கொட்டகைக்குப் போனாள். கொடுப்பதைச் சேற்றோடு கொடுப்பானேன் என்றுதான். தார்ப்பாயை விலக்கினாள். திண்டின் துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அதைப் பார்க்காததுபோல முன் சக்கரத்தில் தண்ணீரை ஊற்றினாள்.

சேறு கரைந்தது. அந்த வெள்ளித் தட்டில் மட்டும் தண்ணீர் பரவவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது, சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோல. தட்டில் இருந்த சின்னத் துளைகளின் ஓரத்தில் மஞ்சளாக எதுவோ அப்பியிருந்தது. விரலால் தொட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

நல்லெண்ணெய்.

குந்தியிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். தட்டின் இரு பக்கமும் கவ்விக்கொண்டிருந்தன அவன் மாட்டிய புதுக் கட்டைகள். இதைப் பிடித்துத்தான் வண்டி நிற்க வேண்டும். அப்பாவின் புல்லட்டில் சக்கரத்தின் நடுவே மூடிய கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். பிரேக் அதற்குள் பத்திரமாக ஒளிந்திருக்கும், மேலே எவ்வளவு எண்ணெய் பூசினாலும் உள்ளே போகாது. இங்கே எல்லாம் வெளியே, வெட்டவெளிச்சமாக. அதற்குத்தான் அவள் தாராளமாகப் பூசியிருந்தாள், அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று.

துணி கையில் இருந்தது. ஒரு துடைப்பு துடைத்தால் போதும். வேன் வரும், வண்டி போகும், இனி சந்து முனையில் ஹாரன் கேட்டு நெஞ்சு பதற வேண்டாம். அவன் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பத்திரமாக வயதாவான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பொட்டு வைத்தது ஒரு குற்றமா?

துணியைத் தட்டுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோனாள். அப்போது சமையலறையில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்த குழாயின் சத்தம் கேட்டது. அவன் வாளி வைத்திருந்தான் அதற்கடியில். இயந்திரங்களின் மூச்சைக் கேட்டே நோயைச் சொல்லுகிறவன், ஒழுகும் குழாய்க்கு வாளி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

துணியை வாளிக்குள் போட்டாள்.

க்ளோட் வந்தபோது தூறல் விட்டிருந்தது. பருத்த ஆள், வாசலில் நுழையும்போதே பேச்சு. "எங்கே நம்ம மாப்பிள்ளை? கோழி பிடிக்கப் போய்க் கையை உடைத்துக்கொண்டவன்!" என்று கிரியோலில் கத்தினான். லிலியானும் வேலிக்கு இன்னும் நஷ்டஈடு வராததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். நீலமேகம் சிரிக்க முயன்றான்.

"பார்த்து எடு, க்ளோட். பிரேக் என் வேலை. முழுக்கக் கழற்றி நீயே மாட்டு. என் கையை நம்பாதே."

ஜெயபாரதி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். தமிழில் சொன்னால் புருஷனுக்கு மட்டும் புரியும். மற்ற இருவருக்கும் எதுவும் தெரியாமலேயே போய்விடும். ஆனால் அவன் தன் கையைக் குறைசொன்னது எல்லோருக்கும் புரிகிற மொழியில் அல்லவா? கடையில் வெங்காயம் வாங்கப் பழகிய கிரியோலை ஒன்றுதிரட்டினாள்.

"பா லி சா, க்ளோட். ம்வா சா" என்றாள். அவர் இல்லை, நான். "மோ ஃபின் மெத் தெல்வீல் லோர் ஃப்ரேன்."

பிரேக் மேல் எண்ணெய் போட்டேன் என்கிறாள் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. லிலியான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"எதற்கு, மதாம்?" என்றான் க்ளோட், நிஜமாகவே பயந்துபோய். "புருஷனை ஒழிக்கவா?"

"சாமிக்கு!" என்றாள் ஜெயபாரதி. அவளுடைய கிரியோல் அதோடு தீர்ந்துவிட்டது. மீதியைத் தமிழில், நீலமேகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பொட்டு வச்சேங்க. தூறல்ல நிக்கணுமேன்னு எண்ணெய் தடவி வச்சேன். அந்தத் தட்டுலதான் பிரேக் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன். உங்க கை ஒண்ணும் பண்ணலை."

நீலமேகம் கொட்டகைக்குள் போனான். சிரமப்பட்டு முழங்காலிட்டு, நல்ல கையால் தட்டைத் தடவி முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். க்ளோட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எண்ணெய் ஊற்றிச் சாலட் போட்டிருக்கிறாள்! மாப்பிள்ளை, உன் பிரேக்குக்குச் சாலட் போட்டிருக்கிறாள்!" என்று தொடையில் தட்டிக்கொண்டான்.

நீலமேகம் சிரிக்கவில்லை. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"செத்திருப்பேன்" என்றான். "ஏன் கேட்கவில்லை? ஒரு கேள்வி. ஒன்று. ஏன்?"

"எங்க கேக்க விட்டீங்க? டீ குடுக்கக்கூட வாசல்தான். உள்ள வராதே, அழுக்கு ஆகும். எது என்னன்னு ஒருநாள் காட்டியிருக்கீங்களா? கட்டினவளுக்குச் சக்கரம் எது, பிரேக் எதுன்னு தெரியாம, பின்னாடி உக்கார மட்டும் திண்டு செஞ்சா ஆச்சா?"

அவ்வளவு வேகத் தமிழ் அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. கோபம் அவன் முகத்திலிருந்து உடனே போய்விடவில்லை. ஆனால் அதற்கடியில் வேறொன்று வந்திருந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தொலைந்துபோன சாமான் கிடைத்தவன் பார்ப்பதுபோல.

"நீ சொல்லாமல் இருந்தால் வண்டி போயிருக்கும்" என்றான் மெதுவாக. "உனக்கு அதுதானே வேண்டும்?"

"எனக்குக் குழாய் ஒழுகாம இருக்கணும்" என்றாள். "வேற ஒண்ணும் வேண்டாம்."

"வேனைக் கிளப்பவா, வேண்டாமா?" என்றான் க்ளோட். "குடும்ப விவகாரம் முடிந்ததும் சொல்லுங்கள். லிலியான், காபி இருக்கிறதா உன் வீட்டில்?"

"வண்டி போகவில்லை" என்றான் நீலமேகம். "கட்டைகள் மட்டும் போக வேண்டும்."

"கழுவினா போகாதா?" என்றாள் ஜெயபாரதி.

"போகாது. எண்ணெய் உள்ளே குடித்துவிட்டது. தட்டைச் சுத்தம் செய்யலாம். கட்டை, குப்பை."

க்ளோட் முன்வந்து ஸ்பானரை எடுத்தான். நீலமேகம் அதை அவனிடமிருந்து வாங்கி ஜெயபாரதியிடம் நீட்டினான்.

"உள்ளே வா."

"நானா? அழுக்காகுமே."

"ஆகட்டும்."

அவள் புடவையைச் சொருகிக்கொண்டு அவனருகில் முழங்காலிட்டாள். அவன் விரல் ஒரு மரையாணியைக் காட்டியது. அவள் ஸ்பானரை மாட்டித் தன் பலமெல்லாம் கூட்டித் திருகினாள். அசையவில்லை.

"அவள் இறுக்குகிறாள்!" என்று வாசலிலிருந்து க்ளோட் கூவினான். "மாப்பிள்ளை, உனக்கு இன்னும் ஆபத்து தீரவில்லை!"

"அவன் என்ன சொல்றான்?"

"நீ நன்றாகச் செய்கிறாய் என்று சொல்கிறான்" என்றான் நீலமேகம். "அந்தப் பக்கம் இல்லை, ஜெயா. இந்தப் பக்கம்."

அவள் மாற்றித் திருகினாள். மரை ஒருமுறை கிறீச்சிட்டு இளகியது.