புளிக்காத மண்

சேற்றுக்குள் அவளுடைய கால் இறங்கிக்கொண்டிருக்கிறது, வைக்கோலும் மண்ணும் நீரும் முழங்கால் வரை குழைகின்றன, வெயில் உச்சியில் நிற்கிறது, கும்பினிப் பீரங்கிகள் இடித்த இடிப்பில் எங்கள் மண்கோட்டையின் மேற்குச் சுவர் வாய் பிளந்து கிடக்கிறது, அந்தப் பிளவைக் காக்க ஈட்டியோடு நிறுத்தப்பட்டவன் நான், அதை அடைக்க மற்றப் பெண்களோடு மண் மிதிப்பவள் என் மனைவி இருளாயி, தாலி ஏறி எங்களுக்கு ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, ஏட்டி, தெற்கு வாசல் தொறந்திருக்கு, நீ போயிரு என்றேன், இன்றும் தூக்கத்தில் அதையே சொல்கிறேனாம், நீ வாரியா மச்சான், வந்தா நானும் வாரேன் என்றாள் தலை நிமிராமல். சுவர் மண்ணை மிதித்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, மறுபடி மிதித்துத்தான் எங்கள் ஊர்ப்பக்கம் ஏற்றுவார்கள், அதற்கெல்லாம் நேரம் ஏது, அவசரத்தில் குடம் குடமாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள், என்னட்டி இது கூழு மாதிரி, புளிக்காத மண்ணு நிக்குமா என்று கத்தினேன், நிக்கலைன்னா கெடக்கட்டும், வாறவன் என்ன சாஞ்சுக்கிடவா வாரான் என்றாள், பிளவு முழுக்க அந்தக் கூழ்தான் சரிந்து கிடந்தது, மேலே மட்டும் வெயிலில் ஏடு கட்டியது.

பீரங்கி ஓய்ந்தது, ஓய்ந்தால் ஆள் வருகிறான் என்று பொருள், தம்பட்டம் கேட்டதும் பெண்கள் உள்ளே ஓடினார்கள், இருளாயி மட்டும் நகரவில்லை, எனக்கு நெஞ்சு விம்மியது, அவளுக்கு முன்னால் இடிந்து கிடந்த சுவர்க்கட்டி மேல் ஏறி நின்றுகொண்டேன், இவளைத் தொட என்னைத் தாண்டித்தான் வர வேண்டும், சிவப்புச் சட்டைகள் சரிவில் ஏறுகின்றன, காய்ந்த தரை என்று நம்பி ஏறுகின்றன, ஏடு உடைகிறது, முதல் வரிசை தொடை வரை இறங்குகிறது, பின்னால் வந்தவன் தள்ள முன்னால் நின்றவன் குப்புற விழுகிறான், மருந்து நனைந்து துப்பாக்கிகள் ஊமையாகின்றன, மதில் மேலிருந்து ஒரு கிழவி, வாங்க மாப்ளைங்களா, நாத்து எங்க என்கிறாள், கோட்டையே சிரிக்கிறது, எங்கள் ஈட்டிகள் நீளமானவை, அண்ணாச்சி குத்தாத, நானும் இந்தச் சீமைதான் என்று ஒரு சிப்பாய் கை நீட்டுகிறான், மொதல்ல துப்பாக்கியக் குடு என்று வாங்கிக்கொண்டு அவனை இழுத்துப் போடுகிறேன், அவர்களுடைய கொம்பு திரும்பச் சொல்லி ஊதுகிறது, ஓடுகிறார்கள், பாதிப் பேர் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள்.

நான் ஆடினேன், ஈட்டியை உயர்த்தி ஆடினேன், நீ துணிஞ்சு நின்னியே புள்ள, அதப் பாத்துத்தான் நானும் நின்னேன் என்றேன் அவளிடம், நான் எங்க நின்னேன், ஓடத்தான் பாத்தேன், காலு வரலை மச்சான் என்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, ஆடினது போதும், அந்த ஈட்டியக் கீழ போட்டுட்டுத் தூக்கு என்றாள், போட்டுவிட்டேன், இரண்டு கைகளாலும் அவளை அணைத்துத் தூக்குகிறேன், சேறு விட மனமில்லாமல் விடுகிறது, அவளுடைய கால் மேலே வந்துகொண்டே இருக்கிறது.