பியூஸ் இருந்த இடம்

ரவூப் மாமாவின் கொக்கோத் தோட்டத்தில் காலையிலிருந்து மாலை வரை ஒரு ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு அங்கே ஆள் கிடையாது. மனிதக் குரல் கேட்டால் குரங்குகள் காய்க்கு வராது என்று மாமா அதைக் கொட்டிலில் தொங்கவிட்டு, வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருந்தார். பாட்டென்றால் குரங்குக்குப் பழகிவிடும், செய்தியும் விவாதமும்தான் சரி என்பது அவர் எண்ணம்.

சென்ற மாதம் ஒரு நாள் அது நின்றுபோனது. பெட்டரி போட்டால் பாடியது. கரண்டில் ஊமை.

"பல்லேபொல ரேடியோ திருத்துற கடைக்குத்தான் கொண்டு போகணும்" என்று மாமா சொல்லி முடிப்பதற்குள், "நான் கொண்டு போறேன் வாப்பா" என்றாள் அவர் மகள் ஜெஸ்லா. தேத்தண்ணீர் கேட்டால்கூட எழும்பாதவள்.

"தனிய போகாத. நுஸ்லாவையும் கூட்டிட்டுப் போ" என்றார் மாமி.

நுஸ்லா நான். பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதிலிருந்து யார் எங்கே போனாலும் துணைக்குப் போவது என் வேலை.

கடைக்காரர் பெயர் ஸுஹைல். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கடை தெரிகிற பக்கத்து ஜன்னலில்தான் நான் உட்காருவேன். ஒரு வருடமாக அப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை.

"பெட்டரியில பாடுதா தங்கச்சி?"

"பாடுது நானா" என்றாள் ஜெஸ்லா.

"அப்ப ரேடியோ சுகமா இருக்கு. வருத்தம் எல்லாம் செவத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவுலதான்."

வயரின் இரு முனைகளிலும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு அதை அங்குலம் அங்குலமாக வளைத்தார். பிளக்கை நெருங்கியதும் மீட்டரின் சத்தம் அறுந்தது.

"இந்தா, இங்கதான் முறிஞ்சிருக்கு. குரங்கு இழுத்திச்சோ?"

"இல்ல நானா, வாப்பா இழுத்தார்."

இருவரும் சிரித்தார்கள். முறிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் பூட்டினார்.

"திரும்பவும் நின்டா?" என்று கேட்டாள் ஜெஸ்லா.

"கொண்டு வாங்க. வயருக்குப் பொறகு பியூஸ், அதுக்குப் பொறகு ட்ரான்ஸ்போமர். ஒவ்வொண்டா பாக்கலாம்."

பின்மூடியைத் திறந்து, விரல் நக அளவுக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். "இதுதான் பியூஸ்." ஜெஸ்லா தலையை அருகே கொண்டுபோனாள். நான் வாசலில் நின்றபடியே பார்த்தேன். ரசீதுத் துண்டில் எழுத அவள் பெயரைக் கேட்டார். என்னையும் பார்க்காமலில்லை. ரேடியோப் பையைத் தரும்போது பார்த்தார், பையைக் கொளுவித் தொங்கவிட ஆணி தேடுகிறவரைப் போல.

வரும் வழியில் ஜெஸ்லாவின் வாயிலிருந்து 'நானா' என்ற அண்ணன் முறை உதிர்ந்துவிட்டது.

"ஸுஹைல்ட விரலப் பாத்தியா மச்சி?"

பத்தையும் பார்த்திருந்தேன். "இல்ல" என்றேன்.

பத்து நாள் கழித்து ரேடியோ மறுபடியும் ஊமையானது. யாரும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "பியூஸாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜெஸ்லா பச்சை சால்வையை அயன் பண்ணப் போனாள்.

நான் ரேடியோவை எங்கள் வீட்டுக் குசினி அடுப்படிக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுப் பழைய கசட் பிளேயரின் வயரை மாற்றிக் குத்திப் பார்த்தேன். சத்தமில்லை. அப்படியென்றால் வயரில் பிழையில்லை. கழற்றி வைத்துவிட்டு, கத்தி முனையால் நான்கு ஆணிகளையும் திருகிப் பின்மூடியைத் திறந்தேன். பியூஸ் இருந்த இடம் காலியாக இருந்தது.

எரிந்த பியூஸ் தன் இடத்திலேயேதான் கிடக்கும். எழும்பி நடந்து போகாது.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் செய்தது பிழை என்பதால் அல்ல. அவரைப் பார்ப்பதற்காக ஒரு ரேடியோவைக் கெடுக்கும் தைரியம் அவளுக்கு இருந்தது. ஜன்னல் பக்கம் உட்காருவதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை.

மாமாவின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித் தாளை உரித்து, உருட்டி, அந்த இடத்தில் செருகினேன். மூடி, திரும்பவும் கொட்டிலில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்ததும் செய்தி வாசிப்பவர் உரத்துப் பேசத் தொடங்கினார்.

ஜெஸ்லா பாதி அயன் பண்ணிய சால்வையோடு ஓடி வந்தாள். "பாடுதா?"

"பாடுதே."

யார் சரிசெய்தது என்று அவளால் கேட்க முடியவில்லை. கேட்டால், யார் கெடுத்தது என்ற கேள்வியும் வரும். சால்வையை மடித்து வைத்தாள். அன்று பகல் நான் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கொட்டிலிலிருந்து புகை வந்தது. மாமா ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார்.

கடையில் ஸுஹைல் மூடியைத் திறந்தபோது ட்ரான்ஸ்போமர் கறுத்துப்போயிருந்தது. சாவணத்தால் வெள்ளித் தாளைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத வெச்சது யாரு? பியூஸ்தான் பிரச்சினைண்டு கண்டுபிடிச்ச ஆள் கெட்டிக்காரர்தான்."

"நான்தான்" என்றாள் ஜெஸ்லா.

"பைத்தியமா ஜெஸ்லா உங்களுக்கு? உள்ள ஒரு டயோட் பழுதாகியிருக்கு. சரியான பியூஸ் இருந்தா அது உருகிக் கரண்ட நிப்பாட்டியிருக்கும். தாள் நிப்பாட்டுமா? கொட்டில் பத்தியிருந்தா என்ன செய்வீங்க? உங்கட கை எரிஞ்சிருந்தா?"

கடைசிக் கேள்வியில் அவர் குரல் இறங்கியது. ஜெஸ்லா தலையைக் குனிந்து, பரிசு வாங்குகிறவள் போல அதை வாங்கிக்கொண்டாள்.

அது என்னுடைய ஏச்சு. தாளை உருட்டியது என் விரல். எரிந்திருந்தால் என் கை.

"நான்தான் வெச்சேன்."

அந்தக் கடையில் நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் திரும்பி முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களா? பியூஸ்தாண்டு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வயர மாத்திப் பார்த்தேன். அப்பவும் பாடல்ல. பொறகுதான் தொறந்தேன்."

"சரியான வழிதான்" என்றார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடத்துக்கு அது எனக்குப் போதும்.

"பழைய பியூஸ் எரிஞ்சிருந்திச்சா?" என்று கேட்டார்.

ஜெஸ்லா என் சால்வை நுனியைப் பிடித்து இழுத்தாள். என் பக்கம் திரும்பியிருந்த அந்த முகத்தை இழக்க எனக்கு மனமில்லை.

"எரியல்ல. அத இவதான் கழட்டி எடுத்திட்டா. இங்க வாறதுக்காக."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சாவணத்தை மேசையில் மெதுவாக வைத்தார். காதிரண்டும் சிவந்திருந்தன.

"இங்க வாறதுக்கா?"

கேட்டது என்னிடமல்ல. ஜெஸ்லா சால்வையால் வாயை மூடிக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினாள்.

"சும்மாவே வந்திருக்கலாமே" என்றார், தணிந்த குரலில். சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை ஏசுவதற்கு அவர் மறந்தே போய்விட்டார்.