மூன்றாம் மாடியில் இரண்டு பேர்

"வீட்ல எத்தன பேருக்கா?" என்று பர்கத்துல்லா கேட்டபோது, அம்மா கிரில் கேட்டைப் பாதி மட்டுமே திறந்திருந்தாள்.

"ரெண்டு. நானும் இவளும்."

"பெரியவன்?"

"மலேசியாவுலதான்."

பர்கத்துல்லா எங்கள் கட்டடத்தின் அடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மாந்தலேயில் நிலம் நடுங்கியபோது லாரி ஏறிப் போய் ஆறு நாள் இடிபாடு தோண்டினார். திரும்பி வந்ததிலிருந்து கையில் ஒரு தாளோடு மாடி மாடியாக ஏறுகிறார். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் படுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். "ஆளு இருக்குன்னு யாராச்சும் சொன்ன எடத்ததான் கையால தோண்டுனோம். மத்ததெல்லாம் மெஷின வச்சு வாரிட்டாங்கக்கா" என்றார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தாளை என்னிடமே நீட்டினார். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு என்று எழுதினேன்.

அண்ணன் கணேஷ்குமார் அப்போது பின்னறையில் இருந்தான். பர்மியப் பட்டாளத்துக்கு வாலிபர்களைக் கட்டாயமாகப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, பதினான்கு மாதமாக அவன் படி இறங்கவில்லை. இருமல் வந்தால் தலையணைக்குள் இருமுவான். நானும் அம்மாவும் சேர்ந்து வெளியே போனால் கேட்டை வெளியில் பூட்டிவிட்டுப் போவோம். பூட்டிய வீட்டை யாரும் தட்டுவதில்லை.

அதன்பின் மெஷின் வாரிக்கொண்டு போவதே கண்ணில் நின்றது. பர்கத்துல்லா நல்லவர். அவர் காதில் மட்டும் மூன்று என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அடுத்த வீட்டாரிடம் பேசவே நாக்கு வராது. ஆனாலும் ஞாயிறன்று அவர் நடத்தும் நிலநடுக்க ஒத்திகையில் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

ஞாயிறு காலை விசில் ஊதியதும் ஆறு மாடியும் தெருவுக்கு இறங்கியது. ஐந்தாம் மாடி புஷ்பா அக்கா தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய முகத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏன் தம்பி, நீ வீடு வீடாக் குடுத்த நோட்டீஸ்ல எரிமலையும் போட்டிருக்கே. போப்பா வெடிச்சா ஈரத்துணியால மூக்க மூடணுமாம். கொழாய்ல தண்ணி வந்தால்ல துணிய நனைக்க?"

"போப்பா எங்கியோ கெடக்கு. ஒங்களுக்கு அஞ்சு மாடிதான் எமன்."

"நடுங்குனா எனக்கெதுக்குப் படி? நேரா ஒன் கடையிலதான் வந்து விழுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தாளைப் பிரித்து ஒவ்வொரு வீடாக எண்ணினார்.

"மூணாம் மாடி, ரெண்டு. ஏக்கா, பூட்டிட்டா வந்தீங்க? பூட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பூட்டுன வீட்டுக்குள்ள எவனும் ஏற மாட்டான்."

"பழக்கம் தம்பி" என்றாள் அம்மா.

நான் கூட்டத்தை விலக்கி அவர் அருகில் போனேன்.

"என்ன தங்கச்சி?"

வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால், பட்டாளத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும் வார்டு ஆபீஸ் குமாஸ்தா நின்றிருந்தார். கையை நீட்டித் தாளை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக ஃபோனில் படம் எடுத்தார். மூன்றாம் மாடிக்கு வந்ததும், வேறு யாரும் உண்டா என்று பர்மியில் என்னைப் பார்த்தே கேட்டார்.

"மஷிபூ" என்றேன். இல்லை என்று. என் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

பர்கத்துல்லா என்னையே பார்த்தார். பிறகு, "கட்டடம் காலி" என்று கத்தி நீளமாக விசில் ஊதினார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அம்மா பூட்டைத் திறந்ததும் நான் பின்னறைக்கு ஓடினேன். அண்ணன் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நோட்டீஸில் போட்டிருந்தபடியே இரண்டு கைகளாலும் பிடரியை மூடி உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் எறங்கியாச்சா?" என்றான், சத்தமில்லாமல்.

"ம்."

அவன் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நானும் உள்ளே புகுந்து பிடரியை மூடிக்கொண்டேன். படிக்கட்டில் எல்லோரும் பேசிச் சிரித்தபடி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலடிகளுக்கே கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து, எங்களைச் சுற்றித் தரை மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.